சீல் வைக்கிற இடம்

டேய் டில்லி... சரி சரி, மாப்ளே டில்லிபாபு,

என் தங்கச்சி கஸ்தூரியை நீ கட்டிக்கினதுக்கு அப்புறம் உன்னை 'டேய்'னு கூப்பிடக்கூடாதுன்னு எங்க அம்மா சட்டம் போட்டுச்சு. அதனால நீ இருந்த வரைக்கும் அம்மா எதிர்ல மாப்ளே, டீக்கடையில டேய். இப்போ நீ இருக்கிற இடத்துல எது செல்லும்னு தெரியல. ரெண்டையும் போட்டிருக்கேன், எது ஓடுதோ அதை எடுத்துக்கோ.

நல்லா இருக்கியான்னு உன்னைக் கேக்க முடியாது. நான் நல்லா இல்ல, அதைச் சொல்லத்தான் எழுதறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அலுத்துப்போச்சு மாப்ளே, அவ்ளோதான். நீ பாட்டுக்கு அந்தப் பெருமழைக்கு அடுத்த கோடையில மார்ல கையை வெச்சிக்கினு சாஞ்சிட்டே. ஆஸ்பத்திரியில கஸ்தூரிகிட்ட "மச்சான் பாத்துக்குவான்"னு மட்டும் சொன்னியாம். எதைப் பாத்துக்கணும்? தங்கச்சியையா, நீ எழுதி வெச்ச ப்ரோகிராமையா? ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சிக்கினு இத்தினி வருஷம் ஓட்டிட்டேன்.

இது எடைச்சீட்டு அடிக்கற நம்ம 'தராசு' ப்ரோகிராமோட புது வெர்ஷன் வர்ற நாள். இதுல என்னென்ன மாறியிருக்குன்னு ஜனங்களுக்கு நாலு வரி எழுதுங்க சார்னு கூட வேலை செய்யற பொண்ணு ஜெனிபர் சொல்லுச்சு. யாருக்குன்னு எழுதறது? நான் உனக்கே எழுதறேன். எடுத்துப் பயன்படுத்தறவங்க எட்டிப் பாத்துத் தெரிஞ்சிக்கட்டும்.

அவங்களுக்கு நீ யாருன்னு தெரியாதே. அதனால கொஞ்சம் பழங்கதை.

தொண்ணூத்தி ஒண்ணு. ஸ்ரீபெரும்புதூர்ல பெங்களூர் ரோட்டு மேல ஒரு எடைமேடை. நான் லாரியை மேல ஏத்தி, எடை பாத்து, சீட்டு குடுக்கற ஆளு. நீ பாலிடெக்னிக் முடிச்சிட்டு வேற வேலை கெடைக்கற வரைக்கும்னு வந்து ஒட்டிக்கின ஆளு. முதலாளி ஆசைப்பட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாரு. கூடவே எடைச்சீட்டு அடிக்க ஒரு ப்ரோகிராம். அது பூட்டுப் போட்ட ப்ரோகிராம், அந்த ஒரு மிஷினைத் தவிர வேறெதுலயும் ஓடாது. ஒரு இடி இடிச்சுது, மிஷின் போச்சு. வேற மிஷின் கொண்டாந்து வெச்சா ப்ரோகிராம் அசையல. வித்தவனுக்கு போன் போட்டா, "தோ வந்துட்டேன்"னான், வந்துக்கினே இருந்தான். ஜல்லி லாரிங்க எல்லாம் ரோட்டோரம் வரிசை கட்டி நின்னு ஹாரன் அடிக்குதுங்க. நீ உள்ள இருந்து வந்து முதலாளி எதிர்லயே கத்தினே பாரு: "நம்ம மேடை, நம்ம லாரி, நம்ம கரண்டு! எடை போட எவனையோ கேக்கணுமா? இன்னாய்யா நாயம் இது?"

முதலாளி பயந்துட்டாரு. நான் சிரிச்சிட்டேன். நீ சிரிக்கல. ஒக்காந்து நீயே எழுத ஆரம்பிச்சிட்டே.

எழுதி முடிச்சு ஓட வெச்சதோட விட்டியா? பக்கத்து எடைமேடைக்காரன் கேட்டான், பிளாப்பியில போட்டுக் குடுத்தே. வெறும் ப்ரோகிராமை இல்ல, நீ எழுதின சோர்ஸையும் சேத்து, யாரு வேணா பிரிச்சுப் பாத்து மாத்திக்கற மாதிரி. வித்துடேண்டா, நீ பெரிய ஆளாயிடுவேன்னு சொன்னேன். "பூட்டு வாங்கி அவதிப்பட்டது பத்தாதா, நாம வேற பூட்டு விக்கணுமா"ன்னே. அந்த மிஷின்ல தமிழ் எழுத்து ஏது? இங்கிலீஷ் எழுத்துலயே தமிழை அடிச்சு சோர்ஸுக்கு மேல வெச்சே: எடுத்துக்கோ, மாத்திக்கோ, அடுத்தவனுக்கும் குடு, பழைய சீட்டு படிக்க முடியாம மட்டும் பண்ணிடாதே.

அந்தக் கடைசி வரி இருக்கே, அதான் மாப்ளே என் கழுத்துல நீ மாட்டுன கல்லு.

படிக்கறவங்களுக்குச் சொல்றேன், ஒரு ப்ரோகிராமை எழுதறது கஷ்டமே இல்ல. அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும், சுத்தி இருக்கறது எல்லாம் மாறிடும். நீ எழுதினப்போ கம்ப்யூட்டர்ல இருந்த டாஸ் போயி விண்டோஸ் வந்துச்சு. விண்டோஸ் ஒவ்வொரு தபா மாறும்போதும் எவனாவது ஒருத்தன் "சார், அடிக்க மாட்டேங்குது"ன்னு போன். லினக்ஸ் போட்டவன் தனியா திட்டுவான். மேடையில இருந்து எடை வர்ற வயரைச் சொருக கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒரு ஓட்டை இருந்துச்சு, புது மிஷின்ல அந்த ஓட்டையவே தூக்கிட்டான். எடை காட்டற பொட்டிங்க ஒண்ணொண்ணும் ஒரு தினுசு. ஒண்ணு நம்பரை நேரா அனுப்பும், ஒண்ணு தலைகீழா அனுப்பும், ஒண்ணு அனுப்பலாமா வேணாமான்னு யோசிச்சு அனுப்பும். இதெல்லாம் ஓடணும். நேத்து வாங்கினவனுக்கும் ஓடணும், நீ பிளாப்பி குடுத்தவனுக்கும் ஓடணும். நான் பத்தாவது படிச்சவன், உன் பக்கத்துல ஒக்காந்து ஒக்காந்து தொத்திக்கின வித்தை இது. எனக்கு எதுக்குப்பா இந்த வேலை?

நீ இருந்தப்போ ஒரகடத்துல கம்பெனிங்க வந்து எறங்கறதைப் பாத்தே. இப்போ வந்து பாத்தா வழி தெரியாது உனக்கு. ஒவ்வொரு கேட்டு வாசல்லயும் லாரி வரிசை. படப்பை, குன்றத்தூர், பென்னலூர்னு எங்க எடை போட்டாலும் சீட்டு நம்ம சீட்டுதான். நெட்டுல போட்டதுல இருந்து வெளியூர், வெளிநாடுன்னு போயிடுச்சு. பேரு கூட என் வாயில நுழையாத ஒரு ஊர்ல காப்பிக்கொட்டை மூட்டையை நம்ம தராசுலதான் நிறுக்கறாங்களாம். பெருமைதான். ஆனா அவன் காலங்காத்தால எழுப்பி சந்தேகம் கேக்கும்போது பெருமையா இருக்கறது இல்ல.

ஜெனிபர் யாருன்னு சொல்லணும் இல்ல? குன்றத்தூர் பொண்ணு. ஒரகடத்துல ஒரு கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை, ஷிப்டு முடிஞ்சதும் நம்ம ப்ரோகிராமைத் தானா வந்து எடுத்துப் போட்டுக்கினு செய்யுது. கைராசியான பொண்ணு. நான் கிறுக்கி வெச்சதை எல்லாம் பொறுமையா திருத்தும். எனக்கு இருக்கற அலுப்புக்கு அந்தப் பொண்ணு மட்டும் வரலன்னா எப்பவோ கடையைச் சாத்தியிருப்பேன்.

அந்தப் பொண்ணு பண்ணின ஒரு கூத்தைக் கேளு.

நம்ம சீட்டுல மேல ரெண்டு வரி காலியா வருமே, ஞாபகம் இருக்கா? முதலாளி வாங்கின அந்த ஓட்டை பிரிண்டர்ல பேப்பரோட தலை மாட்டிக்கினு மொத ரெண்டு வரி மை ஈஷிக்கும். அதுக்காக நீ ரெண்டு வரி ஒண்ணும் அடிக்காம வுட்டே. அந்த பிரிண்டர் காயலாங்கடைக்குப் போயி எந்தக் காலம் ஆச்சு! ஜெனிபருக்கு அந்தக் கதை தெரியாது. "எந்த வேலையும் செய்யாம ரெண்டு வரி இருக்கு சார், பேப்பர் வேஸ்ட்டு, எடுத்துட்டேன்"னுச்சு. நானும் பாத்தேன், சரிதானேன்னு தலையாட்டினேன். அந்த வெர்ஷன் வெளிய போச்சு.

மறுநாள் காலையில போன் அடிக்க ஆரம்பிச்சுது பாரு. ஒரகடம் கேட்டுல லாரி நிக்குது, செக்யூரிட்டி உள்ள வுடல. என்னடான்னா, நம்ம ஏரியா எடைமேடைக்காரனுங்க அத்தினி பேரும் ரப்பர் சீலை அந்தக் காலி இடத்துலதான் குத்தறானுங்க! யாரு ஆரம்பிச்சான்னு யாருக்கும் தெரியாது. காலியா இருந்துச்சு, குத்தினான். கேட்டுல நிக்கறவனும் மேல வட்டமா சீல் தெரியுதான்னு பாத்துத்தான் வுடுவான். சீட்டைப் படிக்கவே மாட்டான், மேல பாப்பான், கையை ஆட்டுவான். இப்போ எடம் இல்ல, பழக்க தோஷத்துல அதே எடத்துல குத்தினானுங்க, சீல் போயி எடை மேலயே வுழுந்துடுச்சு. ஆறா எட்டான்னு தெரியல. இது டூப்ளிகேட் சீட்டுன்னு செக்யூரிட்டி சொல்றான். டிரைவருங்க என்னைத் திட்டின திட்டு இருக்கே, உனக்கும் அதுல பங்கு உண்டு மாப்ளே.

ஜெனிபர் அழாத குறை. "ஒண்ணுமே இல்லாத ஒரு எடத்தை நம்பி எப்படி சார் இத்தினி பேரு இருப்பாங்க?"ன்னு கேட்டுச்சு.

"இருப்பாங்கம்மா. நாம இன்னா குடுத்தோமோ அதை மட்டும் புடிச்சிக்க மாட்டாங்க, நாம வுட்டதையும் புடிச்சிக்குவாங்க"ன்னேன். ரெண்டு வரியையும் திரும்ப வெச்சு அன்னிக்கே அனுப்பிட்டோம்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அடுத்த மாசத்துல இருந்து கேட்டுங்கள்ல ஒரு புது ஏற்பாடு. சீட்டுல ஏற்கெனவே கட்டங்கட்டமா ஒரு குறி இருக்கு, போனைக் காட்டினா அதைப் படிச்சிக்கும். அந்தக் குறி இப்போ வேற தினுசுல மாறுது. புது மிஷின்ல இதுக்குச் சிரமமே இல்ல. பழைய டாஸ் மிஷின்லதான் இழவு. இருக்கற குறியையே அந்த டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்ல அடிக்க வெக்கறதுக்குள்ள எத்தினி ஞாயித்துக்கிழமையை வாரிக் குடுத்தேன் தெரியுமா? என் வூட்டுக்காரி என்னோட பேசறதையே நிறுத்திடுச்சு.

டாஸை வுட்டுடலாம்னு ஜெனிபர் கேட்டுச்சு. கோயமுத்தூர்ல இருந்து நம்ம ப்ரோகிராம் வேலை செய்யற பையனும் அதையேதான் சொன்னான், அந்தக் காப்பிக்கொட்டைக்காரனும். "இன்னும் யாரு சார் அதை வெச்சிருக்காங்க?"ன்னு கேட்டுச்சு ஜெனிபர்.

"என் தங்கச்சி வெச்சிருக்கு"ன்னேன். ஜெனிபர் ஏதோ சொல்ல வாயெடுத்து முழுங்கிக்கிச்சு. நான் அப்போ அதைப் பெருசா எடுத்துக்கல.

படப்பை ரோட்டுல நீ சொந்தமா போட்டியே எடைமேடை, அதைக் கஸ்தூரிதான் நடத்துது. நீ வாங்கி வெச்ச அதே டாஸ் பொட்டி, அதே டாட் மேட்ரிக்ஸ். உங்க பொண்ணு கல்யாணம் ஆகி ஓசூர் போயிடுச்சு, கஸ்தூரிக்குப் பொழப்பு அந்த மேடை ஒண்ணுதான். நான் டாஸை வுட்டா அது குடுக்கற சீட்டை அடுத்த மாசம் எந்தக் கேட்டுலயும் எடுக்க மாட்டான். சீட்டு செல்லாத மேடை மேல எந்த லாரி ஏறும்? வுடலன்னா நான் திரும்பவும் ஞாயித்துக்கிழமைங்களை எல்லாம் வாரிக் குடுக்கணும். இந்தத் தடவை என்னால முடியுமான்னே தெரியல. கண்ணு சரியில்ல, முதுகு சரியில்ல, பொறுமை சுத்தமா இல்ல.

ஒவ்வொரு வெர்ஷனுக்கும் முன்னால கஸ்தூரியோட மேடைக்குப் போயி அந்தப் பொட்டியில ஓட்டிப் பாக்கறது என் வழக்கம். "போன் பண்ணிட்டு வாண்ணா"ன்னு எப்பவும் கறாரா சொல்லும். போன வாரம் போன் பண்ணல. பண்ணினா விஷயத்தைப் போன்லயே ஒளறிடுவேன்னு பயம். நேரா முகத்தைப் பாத்து, "கஸ்தூரி, என்னால முடியலம்மா, பொட்டியை மாத்திடு, நானே நின்னு எல்லாம் செஞ்சு குடுக்கறேன்"னு சொல்லணும். ஷேர் ஆட்டோவுல வழி நெடுக அதையே சொல்லிப் பாத்துக்கினு போனேன். பக்கத்துல இருந்த அம்மா ஒரு மாதிரி பாத்து நகந்து ஒக்காந்துச்சு.

போயி நின்னா, மேஜை மேல சன்னமா ஒரு புது கம்ப்யூட்டர்.

மேடையில ஒரு இரும்புக்கம்பி லாரி. கஸ்தூரி கண்ணாடியை மூக்கு நுனியில வெச்சிக்கினு டக்கு டக்குன்னு தட்டுது. சீட்டு சர்ருனு வருது, மேல ரெண்டு வரி காலி, கீழ கட்டங்கட்டமா குறி. சீலை எடுத்து மேல ஒரு குத்து குத்தி டிரைவர்கிட்ட நீட்டுச்சு. அப்புறந்தான் என்னைப் பாத்துச்சு.

"இன்னாண்ணா, போன் பண்ணாம வந்துட்டே?"

உன் பழைய பொட்டி மூலையில ஸ்டூல் மேல இருந்துச்சு. கஸ்தூரியோட பழைய பொடவையைக் கிழிச்சு ஒறை தெச்சு மூடி வெச்சிருக்கு.

"எத்தினி நாளா இது?"ன்னு கேட்டேன்.

"ரெண்டு மூணு வருஷம் ஆவும். நீ வர்ற அன்னிக்கு மட்டும் இதைத் தூக்கி உள்ள வெச்சிட்டு அதை எடுத்து வெப்பேன்."

எனக்கு வந்த கோவத்தைச் சொல்லி மாளாது மாப்ளே. "உனக்காவத்தானே கஸ்தூரி நான் அந்தப் பாழாப்போன டாஸை இழுத்துக்கினு கெடக்கறேன்! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? என் கண்ணு போச்சு, ஞாயித்துக்கிழமை போச்சு..." லாரிக்காரன் எறங்கி வந்து எட்டிப் பாக்கற அளவுக்குக் கத்தினேன்.

அது கத்தல. சீலை மைப் பொட்டி மேல வெச்சிட்டு, பொடவையில கையைத் தொடைச்சிக்கினு சொல்லுச்சு: "எனக்காவவா? நான் உனக்காவத்தானே அதைத் தொடைச்சு வெச்சிக்கினு கீறேன்."

"எனக்கு எதுக்கு?"

"அவரு எழுதினது அந்தப் பொட்டியிலதான் அப்பிடியே ஓடுதுன்னு நீதானே சொன்னே? அண்ணன் அதுல உசுரை வெச்சிக்கினு கீது, அதைப் போயி எடைக்குப் போட எனக்கு மனசு வரல." மூலைக்குப் போயி பொட்டியோட ஒறையை இழுத்து வுட்டுச்சு. அப்புறம், "அதுவும் இல்லண்ணா. அவரு போனதுக்கு அப்புறம் காரியத்துக்கு வந்த ஜனம்தான், பின்னால ஒருத்தர் எட்டிப் பாக்கல. நீ வந்தே. பையை மாட்டிக்கினு வருவே, பொட்டி எதிர்ல ஒக்காருவே, டீ குடிப்பே, 'ஓடுது'ன்னு சொல்லுவே, போயிடுவே. என்னை எப்பிடிக் கீறேன்னு ஒரு தபா கேட்டிருப்பியா? பரவால்ல, வந்தே இல்ல. அந்தப் பொட்டியும் இல்லன்னா நீ எதுக்கு வருவே?"

ஸ்டூலைப் புடிச்சிக்கினு நின்னேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கு. கஸ்தூரியும் அழுதுச்சு, அடுத்த லாரி ஹாரன் அடிக்கவும் மூக்கை உறிஞ்சிக்கினு போயி சீட்டு அடிச்சுது. வந்து, "அன்னிக்கு ரெண்டு வரி வுடாம அனுப்பினீங்களே, எனக்கும்தான் இந்தப் புது மிஷின்ல சீல் எடை மேல வுழுந்துச்சு. ஜெனிபருக்கு நல்லா குடுத்தேன் டோஸு. பொட்டியை மாத்தினதை அண்ணன்கிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிக்கினேன்"னு சிரிச்சுது. பாத்தியா, அந்தப் பொண்ணு அன்னிக்கு எதை முழுங்குச்சுன்னு? எல்லாரும் சேந்து என்னை நல்லா ஓட்டியிருக்காங்க.

ஆக, எல்லாருக்கும் சொல்ல வேண்டிய சேதி இதான்: இந்த வெர்ஷனோட டாஸை வுட்டாச்சு. பழைய சீட்டு எதுவா இருந்தாலும் படிக்கும், தொண்ணூத்தி ஒண்ணுல அடிச்சதா இருந்தாலும் படிக்கும், அந்தக் கல்லு இன்னும் என் கழுத்துலதான் இருக்கு. பழைய மிஷின்ல மட்டும் இனிமே ஓடாது.

நேத்துதான் அழிச்சேன். ஜெனிபர் செய்யறேன்னுச்சு, நான் குடுக்கல. அழிக்க அழிக்கத்தான் தெரிஞ்சுது மாப்ளே, நீ உன் கையால எழுதினதுல மிச்சம் இருந்தது அந்த டாஸ் பகுதி மட்டும்தான். மத்தது எல்லாம் நானும் ஜெனிபரும் அவனும் இவனும் மாத்தி மாத்தி எழுதிட்டோம். ப்ரோகிராம்ல நீ எழுதினதுன்னு மிச்சம் இருந்ததும் போயிடுச்சு. உன்னை ரெண்டாவது தபா அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம் சரியா ஓடுதான்னு பாக்க ஒரு சீட்டு அடிச்சேன். மேல ரெண்டு வரி காலியா வந்துச்சு. ப்ரோகிராம்ல அந்த எடத்துல ஜெனிபர் குறிப்பு எழுதி வெச்சிருக்கு: "இதை யாரும் தொடாதீங்க, டில்லிபாபு சார் விட்டது, சீல் வைக்கிற இடம்." நீ எழுதினது ஒண்ணும் இல்ல டேய். நீ எழுதாம வுட்டது மட்டும் இருக்கு. இந்த ரோட்டுல ஓடற லாரி அத்தினியும் அதைக் காட்டித்தான் கேட்டுக்குள்ள போவுது.

பழைய பொட்டியைக் கஸ்தூரி எடைக்குப் போட்டுடுச்சு. நான்தான் தூக்கிக் குடுத்தேன், முதுகு புடிச்சிக்கிச்சு. ஸ்டூல் காலியா இருக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை அதுல போயி ஒக்காரப் போறேன், பை எடுத்துக்கினு போவ மாட்டேன். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமையும் போவேன். "எப்பிடிக் கீறே கஸ்தூரி"ன்னு கேப்பேன். இனிமே போன் பண்ணிட்டுப் போறதா இல்ல மாப்ளே.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
ஏழுமலை